செல் பகுப்பும் நோய்த்தடைகாப்பு வினையும்: குளோன் தெரிவுக் கோட்பாட்டின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உயிரியல் பாடத்திட்டங்களில் செல் பகுப்பும் நோய்த்தடைகாப்பும் பெரும்பாலும் தனித்தனி இயல்களாகவே பயிற்றுவிக்கப்படுகின்றன. ஆயினும் தகவமை நோய்த்தடைகாப்பின் அடிப்படைப் பண்புகளான தனித்தன்மை, காலத்தாழ்வு, நினைவு ஆகிய மூன்றும் லிம்ஃபோசைட்டுகளின் பகுப்பைக் கொண்டே விளக்கம் பெறுகின்றன. 1880களில் வால்தர் ஃபிளெம்மிங் கண்ட இரு காட்சிகளில் தொடங்கி, 1957இல் முன்வைக்கப்பட்ட குளோன் தெரிவுக் கோட்பாடு, 1960இல் வெளியான பீட்டர் நோவலின் கண்டுபிடிப்பு ஆகியவற்றின் வழியாக இவ்விரு துறைகளும் இணைந்த வரலாற்றையும், அவ்விணைப்பின் செயல்முறையையும், அது தடம்புரளும்போது தோன்றும் நோய்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செல் சுழற்சி, லிம்ஃபோசைட், குளோன் தெரிவு, முளை மையம், நினைவுச் செல், எதிர்ப்பொருள்.

முன்னுரை

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று கூறுவது தமிழர் வழக்கு. புண் ஓரிடத்திலும் வீக்கம் வேறோரிடத்திலும் தோன்றுவதையும், அவை இரண்டும் தொடர்புடையவை என்பதையும் இவ்வழக்கு உணர்த்துகிறது. நெறி என மக்கள் குறிப்பிடுவது வீங்கிய நிணநீர்க் கணுவாகும். புண்ணில் நுழைந்த நுண்ணுயிரியின் கூறுகள் நிணநீர் வழியே அக்கணுவை அடைகின்றன. அங்கே இரத்தத்திலிருந்து வந்து சேரும் லிம்ஃபோசைட்டுகள் தங்க வைக்கப்படுகின்றன. அவற்றுள் பொருத்தமானவை பகுப்படையத் தொடங்குகின்றன. எனவே, விரலால் தொட்டுணரக்கூடிய அவ்வீக்கத்தின் ஒரு பகுதி செல் பகுப்பின் விளைவாகும்.

வளர்ச்சி, திசுப் புதுப்பித்தல், இனப்பெருக்கம் ஆகியவற்றின் அடிப்படையாகச் செல் பகுப்பு அறிமுகப்படுத்தப்படுகிறது. நோய்த்தடைகாப்போ எதிர்ப்பொருள், ஆன்டிஜென், தடுப்பூசி ஆகியவற்றின் துறையாக அறிமுகமாகிறது. இவ்வாறு பிரித்துப் பயிலும் மாணவருக்குத் தடுப்பூசி செலுத்திய மறுநாளே பாதுகாப்பு ஏன் கிடைப்பதில்லை, ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு அது ஏன் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை, புற்றுநோய் மருந்து உட்கொள்பவருக்குத் தொற்று ஏன் எளிதில் வருகிறது என்னும் வினாக்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும். இம்மூன்றிற்கும் பொதுவான விடை செல் பகுப்பில் உள்ளது.

1. ஃபிளெம்மிங் கண்ட இரு காட்சிகள்

ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய உடற்கூற்றியலாளர் வால்தர் ஃபிளெம்மிங், சாயமேற்றிய செல்களில் உட்கரு நூலிழைகளாக மாறிப் பிரிவதைக் கண்டு, 1882இல் வெளியிட்ட நூலில் அந்நிகழ்வை மைட்டாசிஸ் எனப் பெயரிட்டு விளக்கினார். இழை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இதன் வேர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘இழையுருப்பிரிவு’ என்னும் கலைச்சொல் அவ்வேர்ப்பொருளைத் தமிழில் நேராகக் காட்டுகிறது.

அதே ஃபிளெம்மிங், 1880களின் நடுப்பகுதியில் நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றினுள் பகுப்படையும் செல்கள் செறிந்த வட்டப்பகுதிகளைக் கண்டார். செல்கள் முளைத்தெழும் இடங்கள் எனக் கருதி அவற்றை ‘முளை மையங்கள்’ என அழைத்தார். அங்கே செல்கள் ஏன் பகுப்படைகின்றன என்பதை அக்கால அறிவைக் கொண்டு விளக்க இயலவில்லை. அதன் பின்னர்ச் செல்லியலும் நோய்த்தடைகாப்பியலும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தன. எதிர்ப்பொருளைக் குருதிநீரில் உள்ள வேதிப்பொருளாகக் கண்டு ஆராய்வதே நோய்த்தடைகாப்பியலின் முதன்மைப் போக்காக நெடுங்காலம் இருந்தது. இரு காட்சிகளையும் இணைக்கும் விளக்கம் தோன்ற ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

2. செல் சுழற்சியும் ஓய்வு நிலையும்

பகுப்படையும் செல் ஜி1, எஸ், ஜி2, எம் என்னும் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. ஜி1 கட்டத்தில் செல் வளர்கிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது, ஜி2 கட்டத்தில் பகுப்பிற்கான ஆயத்தம் நிகழ்கிறது, எம் கட்டத்தில் குரோமோசோம்கள் இரு சேய்ச் செல்களுக்குச் சமமாகப் பங்கிடப்படுகின்றன. மனித உடற்செல்லின் 46 குரோமோசோம்களும் இவ்வாறே வழிவழியாகக் கடத்தப்படுகின்றன. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்வதை சைக்ளின்களும் அவற்றைச் சார்ந்த கைனேஸ் நொதிகளும் நெறிப்படுத்துகின்றன. இவ்வுண்மையை வெளிப்படுத்திய லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் ஆகியோர் 2001இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

சுழற்சியிலிருந்து விலகி நிற்கும் நிலை ஜி0 எனப்படும். ஆன்டிஜெனை இதுவரை சந்திக்காத லிம்ஃபோசைட்டுகள் இந்நிலையிலேயே உடலெங்கும் சுற்றி வருகின்றன. ஏறத்தாழ 6 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமும், பெரும்பகுதி உட்கருவும், மிகக் குறைந்த சைட்டோபிளாசமும் கொண்ட இச்சிறு செல், நுண்ணோக்கியில் வாழ்நாள் முடிந்த செல்லைப் போலவே தோற்றமளிக்கும். இத்தோற்றமே ஒரு நீண்டகாலத் தவறான கருத்திற்கு இடமளித்தது.

3. சிறு லிம்ஃபோசைட்டின் மறுபக்கம்

1950களின் இறுதிவரை சிறு லிம்ஃபோசைட் பகுப்படையும் ஆற்றலை இழந்த இறுதிநிலைச் செல் எனப் பரவலாகக் கருதப்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து வந்த பீட்டர் நோவல், சிவப்பணுக்களை ஒட்டித் திரளச்செய்து நீக்குவதற்காகச் சிறுநீரக வடிவ பீன்ஸ் விதையிலிருந்து பெறப்படும் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் புரதத்தைப் பயன்படுத்தினார். அவ்வாறு பிரித்து வளர்த்த வெள்ளணுக்கள் பகுப்படைவதைக் கண்ட அவர், அதற்குக் காரணம் அப்புரதமே என்பதை 1960இல் வெளியிட்டார். இறுதிநிலைச் செல் எனக் கருதப்பட்டது, தக்க தூண்டல் கிடைத்தால் மீண்டும் சுழற்சிக்குள் நுழையும் ஓய்வுநிலைச் செல் என்பது இதனால் புலனாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகளும், சிறு லிம்ஃபோசைட்டுகள் இரத்தத்திற்கும் நிணநீருக்கும் இடையே சுற்றி வருவதையும், அயல் திசுவைச் சந்திக்கும்போது பகுப்படையும் பெரிய செல்களாக மாறுவதையும் நிறுவின.

நோவலின் முறை இன்றும் மரபியல் ஆய்வகங்களில் வழக்கில் உள்ளது. குரோமோசோம் ஆய்விற்கு எடுக்கப்படும் இரத்தத்தில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் சேர்த்து ஏறத்தாழ மூன்று நாட்கள் வளர்ப்பர். பின்னர்க் கோல்சிசின் அல்லது அதன் வழிப்பொருளைச் சேர்த்துப் பகுப்பை மெட்டாஃபேஸ் நிலையில் நிறுத்துவர். கோல்சிசின், டியூபுலின் புரதத்துடன் பிணைந்து கதிர்கோல் இழைகள் உருவாவதைத் தடுப்பதால் குரோமோசோம்கள் பிரிய இயலாமல் நிற்கின்றன. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருள் இக்கோல்சிசினே. அக்கிழங்கை உண்டு நஞ்சேறியவருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து வெள்ளணுக்கள் குறைவதும் இதே காரணத்தோடு தொடர்புடையது. இடையறாது பகுப்படையும் திசுக்களே இந்நஞ்சால் பெரிதும் தாக்கப்படுகின்றன.

4. குளோன் தெரிவுக் கோட்பாடு

உடல் முன்னெப்போதும் காணாத பொருளுக்கும் பொருத்தமான எதிர்ப்பொருளை எவ்வாறு உருவாக்குகிறது என்பது நோய்த்தடைகாப்பியலின் மையச் சிக்கலாக இருந்தது. ஆன்டிஜெனையே அச்சாகக் கொண்டு எதிர்ப்பொருள் வடிவம் பெறுகிறது என்னும் விளக்கத்தை 1940இல் லைனஸ் பாலிங் முன்வைத்தார். இவ்விளக்கம் தனித்தன்மைக்குக் காரணம் கூறியது. ஆனால், ஆன்டிஜென் மறைந்த பின்னரும் நினைவு நீடிப்பதற்கும், இரண்டாம் முறை எதிர்வினை விரைவாகவும் வலுவாகவும் அமைவதற்கும் அதனால் காரணம் கூற இயலவில்லை.

1955இல் நீல்ஸ் யெர்னே, எதிர்ப்பொருள்கள் முன்னரே உள்ளன என்றும் ஆன்டிஜென் அவற்றுள் பொருத்தமானதைத் தெரிவு செய்கிறது என்றும் கூறினார். 1957இல் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் மெக்ஃபார்லேன் பர்னெட், தெரிவு செய்யப்படுவது எதிர்ப்பொருள் மூலக்கூறு அன்று, அதனைத் தாங்கிய செல்லே என விளக்கினார். டேவிட் டால்மேஜும் அதே ஆண்டில் இதையொத்த கருத்தை முன்வைத்தார். இக்கோட்பாட்டின்படி ஒவ்வொரு லிம்ஃபோசைட்டும் ஒரே வகை ஏற்பியைக் கொண்டது. ஆன்டிஜென் பொருந்திய செல் மட்டும் பகுப்படைந்து தன்னையொத்த செல்களின் கூட்டமாகிய குளோனை உருவாக்கும். 1958இல் கஸ்டாவ் நோசலும் ஜோஷுவா லெடர்பெர்கும், இரு வகை சால்மோனெல்லா ஆன்டிஜென்கள் செலுத்தப்பட்ட எலிகளின் தனித்தனிச் செல்களை ஆராய்ந்தபோது, ஒரு செல் ஒரு வகை எதிர்ப்பொருளையே உருவாக்குவதைக் கண்டனர்.

பகுப்பை நீக்கிவிட்டால் இக்கோட்பாடு நில்லாது. தெரிவு என்பது ஒரு செல்லைக் குறிப்பது மட்டுமே. அதனைப் படையாக்குவது பகுப்பே. தகவல் ஆன்டிஜெனிலிருந்து செல்லுக்குச் செல்வதில்லை; செல்லின் டி.என்.ஏ.வில் முன்னரே உள்ள தகவல் பகுப்பின் வழியே பெருக்கப்படுகிறது. அத்தகவலின் பன்மை எவ்வாறு தோன்றுகிறது என்பதை சுசுமு டோனேகாவா 1976இல் காட்டினார். எதிர்ப்பொருள் மரபணுவின் துண்டுகள் வளரும் பி செல்களில் வெட்டி ஒட்டப்படுகின்றன. இங்கும் செல் சுழற்சியோடு நுட்பமான தொடர்பு உண்டு. வெட்டும் பணிக்கு இன்றியமையாத ராக்-2 புரதம், செல் எஸ் கட்டத்திற்குள் நுழையும்போது சிதைக்கப்படுகிறது. டி.என்.ஏ. வெட்டப்படுவதும் இரட்டிப்பாவதும் ஒரே வேளையில் நிகழாமல் இவ்வாறு தடுக்கப்படுகின்றன.

5. தூண்டலிலிருந்து பகுப்பு வரை

ஆன்டிஜெனுடன் பிணைவது மட்டுமே டி செல்லைப் பகுப்பிற்குள் செலுத்திவிடாது. டென்ட்ரிட்டிக் செல் காட்டும் ஆன்டிஜெனை அறிதல் முதல் சைகை. அதே செல்லின் புறப்பரப்பிலுள்ள துணைத்தூண்டல் மூலக்கூறுகள், டி செல்லின் சிடி28 ஏற்பியுடன் இணைதல் இரண்டாம் சைகை. முதல் சைகை மட்டும் கிடைத்த செல் செயலறு நிலைக்குச் செல்லக்கூடும். இரண்டும் கிடைத்த செல் ஜி0 நிலையை விட்டு ஜி1 கட்டத்திற்குள் நுழைந்து, இன்டர்லூக்கின்-2 என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, அதற்கான ஏற்பியையும் தானே உருவாக்கிக்கொள்கிறது. பகுப்பு இவ்வளவு காவல்களுக்குப் பின் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: உடலின் சொந்தக் கூறுகளை அறியும் சில செல்களும் இரத்தத்தில் எப்போதும் உள்ளன, அவை தவறுதலாகப் பெருகினால் உடலே இலக்காகும்.

முதல் பகுப்பு நிகழ ஏறத்தாழ ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும். அதன்பின் வேகம் கூடுகிறது. ஒரு செல் 8 மணி நேரத்திற்கு ஒருமுறை பகுப்படைவதாகக் கொண்டால், ஒரு நாளில் 3 பகுப்புகளும் 5 நாட்களில் 15 பகுப்புகளும் நிகழும். ஒரு செல் 32,768 செல்களாகும். தொடக்கத்தில் 200 செல்கள் இருந்தால் அவை 65 இலட்சத்தைக் கடக்கும். இக்கணக்கு இறப்பைக் கருத்தில் கொள்ளாத எளிய கணக்காயினும், எலிகளில் வைரஸ் தொற்றின்போது ஏழெட்டு நாட்களில் காணப்படும் பெருக்கத்தின் அளவிற்கு நெருக்கமானது.

குறித்த ஓர் ஆன்டிஜெனுக்குப் பொருத்தமான டி செல்கள் பொதுவாக ஒரு இலட்சத்தில் ஒன்று முதல் பத்து இலட்சத்தில் ஒன்று வரை என்னும் அரிய விகிதத்திலேயே உள்ளன. எண்ணற்ற ஆன்டிஜென்களுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டிய உடல், ஒவ்வொன்றிற்கும் பெரும்படையை வைத்திருக்க இயலாது. ஒவ்வொன்றிற்கும் சில செல்களை வைத்து, தேவைப்படும்போது பெருக்கிக்கொள்வதே அது கையாளும் வழி. முதல் தொற்றின்போதும் முதல் தடுப்பூசியின்போதும் பாதுகாப்பு கிடைக்க ஒன்றிரண்டு வாரங்கள் ஆவது, இப்பெருக்கத்திற்குத் தேவைப்படும் காலமே.

6. முளை மையம்: பிழை கருவியாகும் இடம்

பிற செல்களில் டி.என்.ஏ. இரட்டிப்பின்போது நேரும் பிழை மிக அரிது; நேர்ந்தாலும் பெரும்பாலும் திருத்தப்படுகிறது. ஃபிளெம்மிங் கண்ட முளை மையத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அங்குப் பகுப்படையும் பி செல்களின் எதிர்ப்பொருள் மரபணுவில், ஒரு பகுப்பிற்கு ஏறத்தாழ ஆயிரம் காரங்களுக்கு ஒன்று என்னும் வீதத்தில் மாற்றங்கள் தோன்றுகின்றன. இது இயல்பான திடீர்மாற்ற வீதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு கூடுதலானது. இம்மாற்றங்களைத் தொடங்கிவைக்கும் ஏ.ஐ.டி. என்னும் நொதியை தாசுகு ஹோன்ஜோவின் குழுவினர் 1999இல் கண்டறிந்து வெளியிட்டனர்.

முளை மையத்தின் இருண்ட பகுதியில் செல்கள் பகுப்படைந்து மாற்றம் பெறுகின்றன. ஒளிர் பகுதியில் ஆன்டிஜெனுடன் வலுவாகப் பிணையும் செல்கள் மட்டும் துணை டி செல்களின் உதவியைப் பெற்று உயிர்பிழைக்கின்றன. தெரிவு பெற்றவற்றுள் சில மீண்டும் இருண்ட பகுதிக்குச் சென்று பகுப்படைகின்றன. இச்சுற்று தொடர்வதால் எதிர்ப்பொருளின் பிணைப்பு வலிமை வாரந்தோறும் கூடுகிறது. உயிரினத் தோற்றத்தில் நெடுங்காலம் நிகழும் மாறுபாடும் தெரிவும் ஒரு நிணநீர்க் கணுவினுள் சில வாரங்களில் நிகழ்கின்றன என்று கூறுவது பொருந்தும்.

7. சுருக்கமும் நினைவும்

தொற்று அடங்கிய பின் பெருகிய டி செல்களுள் 90 முதல் 95 விழுக்காடு வரை திட்டமிட்ட செல் இறப்பின் வழியே அழிகின்றன. நெறி வற்றுவது இதன் புறத்தோற்றமாகும். எஞ்சியவை நினைவுச் செல்களாகின்றன. அவை இன்டர்லூக்கின்-7, இன்டர்லூக்கின்-15 ஆகியவற்றின் தூண்டலால் மிக மெதுவாகப் பகுப்படைந்து தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. எலும்பு மஜ்ஜையில் தங்கும் நெடுவாழ்வுப் பிளாஸ்மா செல்களோ பகுப்படையாமலே ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. எனவே, நினைவு பகுப்பாலும் பகுப்பின்மையாலும் ஒருசேரப் பேணப்படுகிறது.

நினைவின் நீட்சிக்கு 1846இல் ஃபாரோ தீவுகளில் பரவிய தட்டம்மை சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் ஏறக்குறைய 6,000 பேர் நோயுற்றனர். 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல் தட்டம்மை கண்டிருந்த முதியோர் மீண்டும் நோயுறவில்லை என டென்மார்க் மருத்துவர் பீட்டர் லூட்விக் பானும் பதிவு செய்தார். இடைப்பட்ட காலத்தில் அங்கே அந்நோய் இருக்கவில்லை. ஆன்டிஜென் மீண்டும் வந்து நினைவூட்டாமலே உடல் தன் நினைவைப் பேணியது என்பதை இது காட்டுகிறது.

8. பகுப்பு தடம்புரளும்போது

பகுப்பை அடிப்படையாகக் கொண்ட காப்பு, பகுப்பின் இடர்களையும் ஏற்கிறது. முதலாவது இடர் புற்றுநோய். மரபணுவை வெட்டுவதும் மாற்றுவதும் பி செல்களின் இயல்பான பணியாதலால், வெட்டு தவறான இடத்தில் நேர்ந்தால் குரோமோசோம் துண்டுகள் இடம்மாறக்கூடும். பர்கிட் லிம்ஃபோமாவில் 8ஆம் குரோமோசோமின் மிக் மரபணு, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமின் எதிர்ப்பொருள் மரபணுவிற்கு அருகே சென்று சேர்கிறது. பகுப்பைத் தூண்டும் அம்மரபணு இடையறாது செயற்படத் தொடங்குகிறது.

இரண்டாவது இடர் அடங்காப் பெருக்கம். ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதுற்ற ஆண் எலிகளில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகாமையால், பிற டி செல்கள் கட்டின்றிப் பெருகி, பிறந்த சில வாரங்களில் இறப்பை விளைவிக்கின்றன. இவ்வாய்வு வழிகளைத் திறந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி ஆகியோர் 2025இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். மூன்றாவது இடர், பகுப்பைப் பகையே பயன்படுத்திக்கொள்வது. எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளைத் துணை டி செல்லின் டி.என்.ஏ.வினுள் பதித்துவிடுகிறது. அச்செல் நினைவுச் செல்லாகிப் பகுப்படையும்போது வைரஸின் படியும் சேய்ச் செல்களுக்குச் செல்கிறது. மருந்து உட்கொண்டும் அவ்வைரஸ் முற்றிலும் நீங்காமைக்கு இது ஒரு காரணமாகும்.

மருத்துவமும் இவ்விணைப்பை இரு திசைகளில் பயன்படுத்துகிறது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய அசதயோபிரின், பியூரின் ஆக்கத்தைத் தடுத்து லிம்ஃபோசைட் பகுப்பை ஒடுக்குகிறது. 1960களில் இரட்டையர் அல்லாதாரிடையேயும் சிறுநீரக மாற்று இயல்வதற்கு இம்மருந்து வழிவகுத்தது. புற்றுநோய்க்கான பல மருந்துகள் பகுப்படையும் செல்கள் அனைத்தையும் தாக்குவதால் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்பட்டு, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைகின்றன. மறுதிசையில், 1975இல் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்லை, வரம்பின்றிப் பகுப்படையும் மைலோமா செல்லுடன் இணைத்து ஒற்றைக் குளோன் எதிர்ப்பொருளை உருவாக்கினர். நோயாளியின் டி செல்களுக்குப் புதிய ஏற்பியைப் பொருத்தி மீளச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, உடலினுள் பகுப்படைந்து பெருகும் மருந்தாகச் செயற்படுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இவ்வகைச் சிகிச்சைக்கு 2023இல் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது.

முடிவுரை

பகுப்படையும் இழைகளையும், நிணநீர்க் கணுவின் முளை மையத்தையும் கண்டவர் ஒருவரே. எனினும் அவ்விரண்டின் உறவு புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. அவ்வுறவைக் குளோன் தெரிவுக் கோட்பாடு வெளிப்படுத்தியது. ஒரு செல்லுக்கு ஓர் ஏற்பி என்பதால் தனித்தன்மையும், அரிய செல் பெருகக் காலம் தேவை என்பதால் காலத்தாழ்வும், பெருகியவற்றுள் ஒரு பகுதி எஞ்சுவதால் நினைவும் அமைகின்றன. முன்னுரையில் எழுப்பப்பட்ட மூன்று வினாக்களும் இதனால் விடை பெறுகின்றன: தடுப்பூசிக்குப் பின் காத்திருக்கும் காலம் பகுப்பிற்கான காலம், தட்டம்மை மீளாமை, பெருகி எஞ்சிய குளோனின் பயன், புற்றுநோய் மருந்தின்போது வரும் தொற்று, பகுப்பு தடைப்பட்டதன் விளைவு. செல் பகுப்பைக் கற்பிக்கும் இடத்தில் லிம்ஃபோசைட்டையும், நோய்த்தடைகாப்பைக் கற்பிக்கும் இடத்தில் செல் சுழற்சியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வது இரு இயல்களையும் மாணவர் இணைத்துணரத் துணைசெய்யும். நெறி கட்டுதல் என்னும் மக்கள் வழக்கு, அத்தகைய கற்பித்தலுக்கு வகுப்பறையில் எளிதாகக் கிடைக்கும் தொடக்கப் புள்ளியாகும்.